பதினோரு மாதம் இருந்த கம்பி

அன்னக்கொடிக்கு உதடுகள் ஒட்டாது. மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளியிருந்ததால், கீழுதடு ஏறி வந்து பாதி வழியில் நின்றுவிடும். முயன்று மூடினால் மோவாய் சுருங்கி, புளியங்காயைக் கடித்தவள் முகம்போல ஆகிவிடும். தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும். விடிவதற்குள் நாக்கும் தொண்டையும் காய்ந்துபோகும். அதற்காகத் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் வைத்துக்கொள்வாள்.

அவள் என் மனைவி. போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை கண்டு இறந்தாள். வயது நாற்பத்திரண்டு.

செக்கானூரணிக்குத் தெற்கே ஒரு ஊரில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தேங்காத்துருவி என்று பட்டப்பெயர். அதைக் கல்யாணமான மறு மாதம் அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது வலது கை தானாக வாய்க்கு வந்துவிட்டது. நான் பி.ஏ. படித்து, பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்த சமயம் அது. அவள் பல்லைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதைப் பெரிய குணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோச்சடையில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். குழந்தை இல்லை. அவள் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்தாள். அந்த வட்டாரத்தில் அவள் தைத்தால் கை தூக்கும்போது பிடிக்காது என்று பெயர். நூலை மட்டும் அவளால் பல்லால் கடித்து அறுக்க முடியாது. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. எவ்வளவு அவசரமானாலும் கத்தரிக்கோலைத் தேட வேண்டும்.

1979இல் ஜானு என்ற கல்லூரி மாணவி ரவிக்கை தைக்க வந்தாள். எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் மகள். அந்தப் பெண்ணின் பற்களில் வெள்ளிக் கம்பி ஓடியது. தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி டேப்பை அப்படியே விட்டுவிட்டு, "இது என்ன பாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை ஜானுவோடு டவுன் ஹால் ரோட்டுக்குப் போய், மாடியில் இருந்த பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"ஏங்க, எனக்கும் போடலாமாம்."

"முப்பத்தினாலு வயசுலயா?"

"வயசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம். எலும்பு கெட்டியா இருக்கும், மெதுவாத்தான் நகருமாம். ரெண்டு வருசம் ஆகும்."

"இனிமே யாருக்குக் காட்டப் போற?"

நான் கேலியாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"யாருக்கும் காட்ட இல்லீங்க. வாயை மூடணும். மத்தவுக மாதிரி உதட்டை மூடித் தூங்கணும்."

டாக்டர் வெங்கட்ரமணனிடமும் அதையேதான் சொன்னாள். அவர் சென்னையில் படித்துவிட்டு வந்தவர். அவரிடம் கம்பி போட வருகிறவர்கள் எல்லாம் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்கள். "எதுக்கும்மா உங்களுக்கு?" என்றார். "உதடு ஒட்டணும் டாக்டர்" என்றாள். அவர் அவள் மோவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டும்" என்றார்.

இடம் உண்டாக்குவதற்காக நான்கு நல்ல பற்களைப் பிடுங்கினார், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு சொத்தைகூட இல்லாத பற்கள். பிறகு ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் தகட்டு வளையம் மாட்டி, சிமெண்டு வைத்து ஒட்டி, எல்லா வளையங்களிலும் கம்பியைக் கோர்த்தார். மாதம் ஒருமுறை போனால் கம்பியை முறுக்கி இறுக்குவார். இறுக்கிய நாளிலிருந்து இரண்டு நாளைக்கு அவளால் இட்லியைக்கூட மெல்ல முடியாது. கஞ்சியைக் கரைத்துக் குடித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். கம்பியின் முனை கன்னத்தைக் கிழித்தால், மெழுகுவர்த்தியில் கொஞ்சம் கிள்ளி அதன்மேல் அப்பிக்கொள்வாள். டாக்டருக்குத் தன் சம்பாத்தியத்திலிருந்தே கொடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் என் பக்கத்து மேசை மொக்கையன் ஒருநாள் டீ குடிக்கும்போது, "என்ன மாப்ள, வீட்ல வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியாமே? சாவி யாருகிட்ட இருக்கு? எங்க வீட்டுக்கும் ஒண்ணு சொல்லு மாப்ள" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவளோடு சினிமாவுக்கோ கோயிலுக்கோ போவதை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளினேன்.

எட்டாவது மாதம் என்று நினைக்கிறேன். நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் மிஷினில் உட்கார்ந்தபடியே, "இங்க பாருங்க" என்றாள். தைத்து முடித்த ரவிக்கையில் தொங்கிய நூலை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நூல் அறுந்தது. துணுக்கைத் துப்பிவிட்டு, உதடுகளை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முழுக்க மூடவில்லை. ஒரு நூலிழை இடைவெளி இருந்தது. ஆனால் மோவாய் சுருங்கவில்லை. எனக்குத் தெரியாத ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. "காபி இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தத் தை மாதம் என் அக்கா ஒச்சாயி அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தாள். மூன்று பெண்களுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். மாசியில் குலதெய்வம் கோயிலில் அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டு எடுத்து வருகிற பெண்களுக்கு முன்னால் என் மனைவி நடந்து வர வேண்டும்.

அன்னக்கொடி வாயைத் திறந்து, "வாங்க மதினி" என்றதும் அக்கா நின்றுவிட்டாள்.

"ஆத்தே! என்னத்தா இது வாயில? களத்துல மாட்டுக்கு வாய்க்கூடு போட்ட மாதிரி? சோறு திங்க விடாம என் தம்பி போட்டுவிட்டானா?"

"அவுக போடல மதினி. நானா போட்டுக்கிட்டேன். அவுக திங்கிற தீனிக்கு அவுகளுக்குத்தான் வாய்க்கூடு வேணும்."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டு வெற்றிலை போடும்போது மறுபடி ஆரம்பித்தாள்.

"சிரிப்புக்குச் சொல்லல. முத ஆம்பளப் பிள்ளை விசேசத்துக்குச் சீர் கொண்டு வாரவ வாயில இரும்போட வந்தா, எங்க வீட்டு ஆளுக என்ன பேசுவாக? ரெண்டு நாளைக்குக் கழட்டி வச்சிட்டு, அப்புறம் மாட்டிக்கிட்டா ஆகாதா?"

"அது மூக்குத்தி இல்ல மதினி, கழட்டி மாட்ட. நான் வாயைத் திறக்காம வாரேன். போதுமா?"

"குலவை போடணும்ல? தாய்மாமன் பொண்டாட்டி குலவை போடலன்னா அதுக்கு வேற பேசுவாக."

அக்கா அவ்வளவுதான் சொன்னாள். வற்புறுத்தவில்லை. பத்திரிகையை வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வற்புறுத்தியது நான்தான். அதையும் வாய்விட்டுச் செய்யவில்லை. ஒரு வாரம் பேச்சைக் குறைத்தேன். வைத்த சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். எட்டாம் நாள், "அக்கா சொல்றதும் ஒரு வகையில சரிதான்" என்றேன். பந்தலில் பிள்ளையை மடியில் வைத்து நான் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் அவள் வாய் மினுங்க நிற்பதும், சனங்கள் எட்டிப் பார்த்துக் காதுக்குள் பேசுவதும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. மொக்கையன் சிரிப்பு வேறு.

அன்னக்கொடி மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"திரும்பப் போட்டுவிடுவீகளா?"

"விசேசம் முடிஞ்ச மறு சனிக்கிழமையே போவோம்."

"சரி. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது."

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதியில எடுத்தா முன்னைவிட மோசமாகும். பல் பிடுங்கின இடம் இன்னும் முழுசா மூடல. பிடியை விட்டா எல்லாம் பழைய இடத்துக்கு ஓடும். இன்னும் ஒரு வருஷந்தானே? ஏன் இப்ப எடுக்கணும்?" என்று கேட்டார்.

அக்கா மகனுக்குக் காதுகுத்து, அதற்காக என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கண்ணாடிக் கதவும், சுவரில் சட்டம் போட்ட பட்டங்களும் இருந்த அந்த அறையில், படித்த ஒருவர் முன்னால் அந்தக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரார் முன் கம்பிக்கு வெட்கப்பட்டவன், டாக்டர் முன் ஊருக்கு வெட்கப்பட்டேன்.

"வலி தாங்கல டாக்டர். அவதான் எடுத்துரச் சொல்றா" என்றேன்.

அன்னக்கொடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா? பதினோரு மாசம் தாங்கிட்டீங்களே."

அவள் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

குறடு வைத்து ஒவ்வொரு வளையமாக எடுத்தார். பற்களில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார். அரை மணி நேரமாயிற்று. "ஒரு வாரத்துல வாங்க, பல் நகராம இருக்க ஒரு பிளேட் செஞ்சு தாரேன். அதையாவது விடாம போடுங்க" என்றார். படியிறங்கும்போது அவள் எனக்கு முன்னால் போனாள். கோச்சடை பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

காதுகுத்து நன்றாக நடந்தது. அவள் சீர்த்தட்டோடு முன்னால் வந்தாள். குலவை போட்டாள். போட்டோவில் உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். அன்று அவள் வாயை ஒருவர்கூடப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. கிடா வெட்டில் யாருக்குத் தலைக்கறி என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்தது. பையன் வீரிட்டு அழுதான். அவ்வளவுதான் எல்லோருக்கும் நினைவிருந்தது. பந்தியில் அக்கா என்னிடம், "கழட்டிட்டாளா? நான் சொன்னதுக்காகவா?" என்று கேட்டாள். அவள் மனம் கஷ்டப்படுமே என்று, "இல்லக்கா. வலி தாங்கலன்னு அவளே எடுத்துட்டா" என்றேன். பொய் இரண்டாம் முறை இன்னும் எளிதாக வந்தது.

மறு சனிக்கிழமை அலுவலகத்தில் ஆடிட் வேலை. அதற்கடுத்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

அவளாகப் போயிருக்கலாமே என்று எனக்கு நானே பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ் ஏறத் தெரியும். கையில் காசு இருந்தது. முதல்முறை நான் இல்லாமல்தான் போனாள். ஆனால் இப்போது போனால் டாக்டர், "வலி தாங்கலன்னீங்களே?" என்று கேட்பார். தாங்கினேன் என்று சொன்னால் புருஷன் பொய்யன் என்றாகும். அதற்காகத்தான் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

பற்கள் உடனே திரும்பவில்லை. ஒரு வருடம் போல ஆயிற்று. ஒரு கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை ஆவதுபோல ஒவ்வொன்றாக விலகின. பிடுங்கிய இடங்கள் நாலும் பாதி மூடிய சந்துகளாக நின்றன. சாப்பிட்டதெல்லாம் அங்கே போய் அடைந்தது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் கொல்லைப்பக்கம் போய் ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிட்டு வருவாள். மிஷினில் கத்தரிக்கோலை ஒரு நாடாவில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. சமையலில் உப்பு, காரம் மாறவில்லை. முன்பு என்னைக் கேலி செய்வாளே, அது நின்றுபோயிற்று. அது நின்றதைக்கூட நான் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

போன ஐப்பசியில் பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். கண்ணும் நகமும் மஞ்சளாயின. கடைசி மூன்று நாள் நினைவில்லை. நினைவு இருந்தபோதும் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நான் ஒருமுறை ஆரம்பித்தேன். "அன்னக்கொடி, அந்தக் கம்பி..." என்றேன். "தண்ணி குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

உயிர் போன அன்று மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா தூக்குச்சட்டியில் சுக்குக் காப்பியோடு வந்திறங்கி, அதைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராக அவளிடம் போனாள். குளிப்பாட்டி, சேலை மாற்றி, வெள்ளைத் துணியைக் கிழித்து, மோவாயின் கீழ் கொடுத்து உச்சியில் முடிந்தாள். தாடை மூடியது. உதடு மூடவில்லை. உடம்பு வற்றிப்போயிருந்ததால் பற்கள் முன்னைவிட வெளியே தெரிந்தன. அக்கா மேலுதட்டைக் கட்டைவிரலால் கீழே இழுத்துவிட்டாள். விரலை எடுத்ததும் அது மேலே ஏறிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். துணியை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள்.

"தம்பி, மூட மாட்டேங்குதுப்பா" என்றாள்.

பக்கத்து வீட்டு அழகம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "முன்ன ஒருக்கா கம்பி போட்டிருந்துச்சே. அப்ப நல்லா உள்ள போயிருந்துச்சு. ஏன் விட்டுருச்சு?" என்று கேட்டாள்.

"அதுவா விட்டுச்சு? வலி தாங்கலன்னு கழட்டிப்போட்டுட்டா" என்றாள் அக்கா. அவள் விரல் இன்னும் அந்த உதட்டின்மேல் இருந்தது. "பாவி மக, இன்னும் கொஞ்ச நாளு பொறுத்திருந்தா இன்னைக்கு இப்பிடிக் கிடக்க வேணாமே. ஏப்பா, அம்புட்டு வலியா இருந்துச்சு அவளுக்கு?"

கூடியிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா" என்றேன்.