மை பூசிய வரி

சிறை அலுவலகத்தில் கைதிகளின் கடிதங்களைப் படித்து, ஆகாத வரிகளில் மை பூசுவதுதான் அந்தக் குமாஸ்தாவின் வேலை. சுதந்திரம் கேட்டுச் சிறைக்கு வந்த தன் தம்பியின் கடிதமும் ஒருநாள் அவர் மேசைக்கே வந்தது.

"அம்மா, இருமினா ரத்தம் வருது. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ."

சிறையில் நோய் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. அம்மா வாசலில் வந்து அழுதால் உறவு தெரிந்து வேலை போய்விடும் என்று பயந்து, அந்த வரியை அழித்தார். வீட்டிலும் மூச்சு விடவில்லை. ஒன்பதாம் நாள் தம்பி இறந்துபோனான்.

நாடு விடுதலையான பிறகும் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "கடைசியா என்னைப் பாக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்லையாடா?"

அந்த மனக்குறையோடுதான் அம்மா கண்ணை மூடினாள்.