எருக்கங்குடும்பம் கலைந்த வாரம்

செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டி அலமாரிகளில் காக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பசையக்கா. இலையின் முதுகும் தெரியவேண்டும், முகமும் தெரியவேண்டும், பூ நசுங்கக்கூடாது. அப்படி ஒட்டுவதற்கு அவளை விட்டால் ஆளில்லை. வீட்டிலும் அவளை விட்டால் ஆளில்லைதான். கல்யாணமாகாத அக்கா தம்பி வீட்டில் இருந்தால், அடுப்பும் துவைக்கிற துணியும் யார் தலையில் விடியும் என்று நான் வேறு சொல்லவேண்டுமா?

அந்த வாரக் கடைசியில் தம்பி புதுவீட்டுக்குக் குடிபோகிறான். அங்கே அவன் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் அறை உண்டு. அவளுக்குத் துணி துவைக்கும் எந்திரத்தின் பக்கத்தில் ஒரு கட்டில். வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"நீ குடும்பத்துல ஒருத்திக்கா. விருந்தாளியா என்ன, தனி ரூமெல்லாம் கேக்கிறே?" என்று சிரித்தான்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்தெருவில் வாடகைக்கு ஒரு சின்ன அறை பார்த்து வைத்திருந்தாள். போவதா வேண்டாமா என்று மனசு ஊசலாடியது.

அதே வாரம் பார்த்து எருக்கும் இடம் மாறியது. செடிகளை வகை பிரிப்பதில் எருக்குக்குத் தனிக் குடும்பம் இனி இல்லை, அரளிக் குடும்பத்தில் அடக்கம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ தீர்மானித்தது; கட்டுக்கட்டாகச் சுமக்கும் வேளை இப்போதுதான் வந்தது. முடிவெடுப்பவர் ஒருவர், முதுகொடிவது இன்னொருவர். புதுச்சீட்டு ஒட்டிய கட்டுகளை எல்லாம் கைப்பழக்கத்தில் பழைய அலமாரியிலேயே திரும்ப அடுக்கி முடித்துவிட்டு நின்றாள் பசையக்கா. அழுகை வந்துவிட்டது.

அந்தப் பிரிவைக் கவனிக்கும் ஆராய்ச்சி அம்மா வந்து பார்த்தார்; திட்டவில்லை. கூடவே உட்கார்ந்து கட்டுகளை இறக்கினார்.

"இந்தக் குடும்பங்கிற பேரை யாருங்கம்மா கண்டுபிடிச்சது?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

"அது லத்தீன்ல ஃபமிலியா. அதுக்கு வேர்ச்சொல் ஃபமுலுஸ், அதாவது வேலைக்காரன். ஆதியில ஒரு வீட்டுல ஊழியம் பண்ற அடிமைங்களைத்தான் மொத்தமா அப்படிச் சொன்னாங்களாம். எஜமானன், பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் அப்புறம்தான் அதுக்குள்ள வந்தாங்க. செடிக்கு வச்சது ரொம்பப் பின்னாடி."

பசையக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ என் தம்பி சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள். ஆராய்ச்சி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது உடம்பில் தெம்பே இல்லை. இத்தனை வருஷக் களைப்பும் ஒன்றாய் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆனாலும் கூடப்பிறந்த பாசம் லேசில் அறுகிறதா? பேருந்தில் நின்றுகொண்டே ஒரு கணக்குப் போட்டாள். சொல்லிப் பார்ப்போம், "நீ தனியா எப்படிக்கா இருப்பே?" என்று ஒரு வார்த்தை கேட்டானானால், கட்டில் எங்கே கிடந்தாலும் அவனோடு போய்விடலாம்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நான் புதுவீட்டுக்கு வரலப்பா. வேலை செய்யிற இடத்துக்குப் பக்கத்துல ரூம் பாத்திருக்கேன்."

அவன் கை தட்டிலேயே நின்றது. அவளையே பார்த்தான். அவன் முகம் வாடியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இவள் மடியில் கிடக்கும் அதே முகம்.

"அப்போ காலையில பசங்களுக்கு யாருக்கா சமைப்பா?" என்றான்.