குறியில்லாத பதினான்கு

என் மனைவி பயந்தாங்கொள்ளி. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவள் விமானம் ஓட்டுகிறாள். துணை விமானி, வலப்பக்க இருக்கை, ஒன்பது வருடம். நானோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எங்கள் இருவரில் தைரியசாலி யார் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டி ரொம்ப நாளாகிறது. கரப்பான் பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவளுடையது ஒழுங்கான பயம். எந்த எண்ணையும் இரண்டு தரம் படிக்காமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டாள். அதனாலேயே அவளோடு பறக்க கேப்டன்களுக்கு ஆசை. "அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தா நிம்மதியா டீ குடிக்கலாம்" என்பார்களாம். கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

விமானிகள் இருவருக்கும் நடுவே ஒரு கணினி உண்டு. கிளம்பும் முன் அதற்குத் தீனி போட வேண்டும்: எடை, எரிபொருள், போகும் உயரம், மேலே காற்று. அதில் வெப்பநிலை வித்தியாசத்துக்கு என்று ஒரு கட்டம். இந்த உயரத்தில் இவ்வளவு குளிர் இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. இன்றைக்கு அதைவிட எத்தனை டிகிரி கூட அல்லது குறைவு என்பதை அந்தக் கட்டத்தில் போடுவார்கள். கூட என்றால் ப்ளஸ், குறைவு என்றால் மைனஸ். காற்று சூடாக இருந்தால் மெலிந்து கிடக்கும், விமானத்தால் அவ்வளவு உயரம் ஏற முடியாது. நாம் கொடுத்த எண்ணை நம்பி, இதுவரை ஏறலாம் என்று கணினி ஓர் உயரத்தைக் காட்டும். பொய் சொன்னாலும் நம்பும்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம். மேலே எந்த நாளும் உறைகுளிர்தான் என்பதால் வானிலைத் தாளில் மைனஸ் குறியே போடுவதில்லை. ஐம்பத்தாறு என்று இருந்தால் மைனஸ் ஐம்பத்தாறு என்று தாங்களே படித்துக்கொள்வார்கள். எங்கள் கடைக்குக் குறியில்லாமல் பவர் எழுதிய சீட்டு வந்தால் டாக்டருக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். வித்தியாசத்துக்கு மட்டும் இவர்கள் பழைய தாளில் ப்ளஸ், மைனஸ் தெளிவாக இருந்தது. நான் சொல்லப்போவது நடந்த மாதம் அலுவலகத்தில் எவரோ தாளை அழகுபடுத்தினார். ப்ளஸ் குறி போயே போய்விட்டது. மைனஸ் என்றால்தான் குறி, மற்றதெல்லாம் வெறும் எண். சுற்றறிக்கை வந்ததாம், பதினொரு பக்கம். அதில் எட்டாவது பக்கத்தில் இந்தச் செய்தி இருந்ததாம்.

அன்று மதிய விமானம். வெயில் கொளுத்தியது. நூற்றெழுபத்தாறு பேர், ஓர் இருக்கை காலியில்லை. கேப்டனுக்குக் கடுகு என்று பட்டப்பெயர். சூடு பட்டால் வெடிப்பவர். சரக்குக் கதவு மூடத் தாமதமானதால், ஜன்னலில் தலையை நீட்டிக் கீழே நின்ற ஆளிடம் வெடித்துக்கொண்டிருந்தார். தாளில் வித்தியாசம் பதினான்கு என்று குறியில்லாமல் இருந்தது. இவள் கை ஒன்பது வருடப் பழக்கத்தில் மைனஸைத் தட்டியது. இரண்டு தரம் படித்தாள். இரண்டு தரமும் மைனஸாகவே படித்தாள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்க வேண்டும் என்பது விதி.

"பாத்துடுங்க சார்."

"நீ போட்டதுதானம்மா? சரி, சரி" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

ஒரு மணி நேரம் கழித்து எதிரே பெரிய மேகக்கூட்டம். அதன் தலைக்கு மேலே போய்விடலாம் என்று கேப்டன் கணினியைப் பார்த்தார். முப்பத்தெட்டாயிரம் அடிவரை ஏறலாம் என்றது அது. முப்பத்தேழுக்கு அனுமதி கேட்டு ஏற ஆரம்பித்தார்கள். கடைசி ஐந்நூறு அடிக்கு விமானம், மாடிப்படி ஏறும் மூட்டுவலிக்காரரைப் போல முக்கி முனகி ஏறியது. மேலே போய் நின்றதும் வேகம் குறையத் தொடங்கியது.

இஞ்சின் இரண்டும் முழு மூச்சில் ஓடின. ஆனாலும் வேகம் இறங்கியது. திரையில் வேகத்தைக் காட்டும் பட்டைக்கு அடியில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கை காற்றை விட்டுவிடும். கோட்டுக்கும் அவர்கள் வேகத்துக்கும் இடையே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. பிறகு அரை விரல். உடம்பில் லேசான நடுக்கம் தொடங்கியது. தன் உடம்பு என்று நினைத்தாளாம். விமானத்தின் உடம்பு.

"இஞ்சின்ல ஐஸ் புடிச்சிருக்கு" என்று கேப்டன் மேலே இருந்த சுவிட்சுக்குக் கை நீட்டினார். அது இஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை எடுத்து ஐஸை உருக்கும் சுவிட்ச். போட்டால் இருக்கிற சக்தியிலும் கொஞ்சம் போகும்.

அப்போதுதான் இவள் வெளி வெப்பநிலையைப் பார்த்தாள். மைனஸ் நாற்பத்திரண்டு. அந்த உயரத்தில் பொதுக் கணக்கு மைனஸ் ஐம்பத்தாறு. பதினான்கு டிகிரி சூடு, ப்ளஸ். சொன்னால் ஒன்பது வருடமும் போச்சு, இந்த வேலைக்காகப் பட்ட பாடும் போச்சு. சொல்லாவிட்டால் அந்தக் கை சுவிட்சைத் தொட்டுவிடும். யோசிக்க அவகாசம் ஒரு கை நீட்டும் நேரம்தான் என்று சொல்லும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்துப்போகிறது.

"போடாதீங்க சார். ஐஸ் இல்ல. நான்தான் ப்ளஸ் பதினாலை மைனஸ்னு போட்டுட்டேன். நம்மளால இங்க நிக்க முடியாது."

கை அந்தரத்தில் நின்றது. கடுகு வெடிக்கவில்லை. "கீழ எறங்கணும்னு கேளு" என்றார் மெல்ல. அவர் வெடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்ததாம்.

ரேடியோவில் கேட்டாள். "கொஞ்சம் பொறுங்க. ஆயிரம் அடி கீழ எதிர்ல ஒரு ஃப்ளைட் வருது" என்றது கட்டுப்பாட்டு அறை. திரும்பி விலகவும் முடியாது. சாய்ந்தால் இறக்கை இன்னும் சீக்கிரம் கைவிடும். நேராகப் போய்க்கொண்டே காத்திருக்க வேண்டும். மஞ்சள் கோடு ஏறி வந்தது. நடுக்கம் கூடியது. பின்னால் ஒரு குழந்தை அழுவது கதவைத் தாண்டிக் கேட்டது. நாற்பது வினாடி என்கிறாள். அந்த நாற்பது வினாடியும் என் முகம் நினைவுக்கு வரவே இல்லையாம், அந்தக் கோடுதான் தெரிந்ததாம். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

எதிரே வந்தது கடந்து போனதும் இறங்கச் சொன்னார்கள். மூக்கைத் தாழ்த்தியதும் வேகம் திரும்பியது. மேகத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். பயணிகளுக்குப் பத்து நிமிடத் தாமதம், அவ்வளவுதான்.

"நடந்ததை ஆபீசுக்கு எழுதிக் குடுத்தா உன்ன ஒரு மாசம் வீட்ல உக்கார வெச்சிருவாங்கம்மா. பார்க்காம சரின்னு சொன்னது நான். நீ எழுதினா நானும் எழுதறேன். யோசிச்சு சொல்லு" என்றாராம் கேப்டன், படி இறங்கும்போது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பதற்றத்தில் நான் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"விட்டுடு. யாருக்கும் ஒண்ணும் ஆகலயே. நீயா போய் ஏன் மாட்டிக்கறே?"

"ஏங்க, நாளைக்கு இதே தாளை வேற ஒருத்தர் கையில குடுப்பாங்க" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. எழுதாட்டி அதைவிட பயமா இருக்கு."

எழுதினாள். கேப்டனும் எழுதினார். சொன்னபடியே உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் தாளில் ப்ளஸ் குறி திரும்ப வந்துவிட்டது. அதை அவளுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூடத் திடுக்கிட்டாள். தூக்கத்தில் எண்கள் சொன்னாள்.

பிறகு பயணிகளோடேயே ஒரு பரிசோதனைப் பறப்பு. அதில் தேறினால் வேலை, இல்லாவிட்டால் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். இடப்பக்க இருக்கையில் பரிசோதகர். முப்பது வருட அனுபவம், பாதி விமானிகளுக்குப் பாடம் நடத்தியவர். கணினியில் எண்களைப் போட்டுவிட்டு இவள் சொன்னாள்:

"வித்தியாசம் பதினொண்ணு, ப்ளஸ். நீங்க பாத்து சொல்லணும் சார்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ப்ளஸ் பதினொண்ணு. சரி" என்றார். கணினியைப் பார்த்தபடியே, "தாள் மாத்தின முதல் வாரமே நானும் மைனஸ் போட்டேன்மா. ஏறும்போதே கண்ணுல பட்டுச்சு. திருத்திட்டேன்" என்றார்.

"யார்கிட்ட சார் சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. பாடம் சொல்லிக்குடுக்கறவனே தப்பா போட்டான்னு எப்படிச் சொல்றது?"

அவர் கையெழுத்தில்தான் இவள் சோறு. பேசாமல் இருந்திருக்கலாம். நானாயிருந்தால் இருந்திருப்பேன்.

"அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு என் பின்னாடி நூத்தியெழுபத்தாறு பேர் உக்காந்திருந்தாங்க சார்" என்றாள்.

வழியெல்லாம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. தரையிறங்கி, இஞ்சின் அணைந்து, பயணிகள் எல்லோரும் போன பிறகு அவள் தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் எழுந்தாள். அவர் எழவில்லை.

"அந்த ஃபாரம் இருக்கே, நீ எழுதினது. அதுல முன்னாடி நடந்ததை இப்ப எழுதலாமா?"

"எழுதலாம் சார்."

அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அவர் தன் பெயரையும் அந்தப் பழைய தேதியையும் எழுதிவிட்டு, இரண்டு தரம் படித்தாராம்.