நடக்கிற விரல்

என் மாமியார் ஐம்பத்தேழு வயசுல ஒரு வீடியோ கேம் வெளிவரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. நான் ஆறு வருஷமா சிரிச்சாச்சு, இனிமே எங்கிட்ட சிரிப்பு ஸ்டாக் இல்லை.

அத்தைக்கு வேலை சீருடை தைக்கிற பட்டறையில. முப்பத்தொரு வருஷம். அங்க துணியை ஐம்பது அறுபதுன்னு அடுக்கி வெச்சு மெஷின்தான் வெட்டும். ஆனா எந்தப் புது உடுப்புக்கும் முதல் மாதிரியை மட்டும் கையால வெட்டணும். அதுல நூலளவு பிசகினா அறுபதும் பிசகும். அந்த முதல் வெட்டு அத்தையோடது. அவங்க இடதுகைக்காரங்க, கத்திரியும் இடதுகைக் கத்திரி. வேற யார் எடுத்தாலும் அது துணியை மென்னு துப்பும். அதனால பட்டறையில அத்தைக்குப் பேரே கத்திரின்னு ஆயிப்போச்சு. முதலாளியம்மாகூட "கத்திரி வந்தாச்சா?"ன்னுதான் கேப்பாங்க. காலையில எட்டு மணிக்கு மேஜை முன்னாடி நின்னா சாயங்காலம் ஆறு வரைக்கும் அதே நிலைதான். முட்டி ரெண்டும் எப்பவோ கோவிச்சுக்கிச்சு. தெருமுனைக் கடைக்குப் போயிட்டு வர்றதே அவங்களுக்குப் பெரிய பிரயாணம்.

இந்த ஆளுக்கு விளையாட்டுப் பித்து எங்கேருந்து வந்துச்சுன்னா, எல்லாம் என் வீட்டுக்காரர் புண்ணியம். கல்யாணத்துக்கு முன்னாடி அவர் ஆசையா வாங்கின கேம் மெஷின் டிவிக்குக் கீழ தூசி படிஞ்சு கிடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை அத்தை அதைத் துடைக்கும்போது ஏதோ பட்டன்ல கை பட்டு, டிவியில ஒரு மலைப்பாதை வந்து நின்னுச்சு. பாதையில ஒருத்தி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. அத்தை கன்ட்ரோலரை எடுத்து, இடது கட்டை விரலால குமிழை லேசா முன்னால தள்ளினாங்க. அவ நடந்தா. அவ்வளவுதான், அன்னைக்கு சமையல் என் தலையில விழுந்துச்சு.

அந்த விளையாட்டுல ஒரு ராஜாவுக்கு அவசரமா ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்கணும். கதையே அங்கதான் ஆரம்பிக்குது. அத்தை இன்னைக்கு வரைக்கும் குடுக்கலை. பாவம் மனுஷன், ஆறு வருஷமா சிம்மாசனத்துல உக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கார். கேட்டா, "குடுத்துட்டா உடனே சண்டைக்கு அனுப்பிடுவாரும்மா. எனக்கெதுக்கு சண்டை? நான் பாட்டுக்கு நடக்கிறேன்"பாங்க. திருடன் வந்தா ஓடுவாங்க. டிராகன் வந்தா மரத்தடியில ஒதுங்கி, அது தலைக்கு மேல பறந்து போற வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க.

வேலை முடிஞ்சு வந்து, முகம் கழுவி, டீயோட உக்காந்தாங்கன்னா அந்த அறையே மெல்ல மாறிடும். பனி உருகி ஓடுற ஓடைச் சத்தம். காத்துல ஒரே பக்கமாச் சாயுற புல். யாரோ விட்டுட்டுப் போன கோபுரத்துல அணையாம எரியுற ஒரு விளக்கு. நான் துணி மடிச்சுக்கிட்டே கடைக்கண்ணால பாப்பேன். நின்னே தேஞ்ச மனுஷி அங்க குன்று குன்றா ஏறிப் போவாங்க. சாய்வு நாற்காலியில இருக்கற முகத்துல வலியோட தடயமே இருக்காது.

அந்த உலகம் ஒரு கடற்கரையில முடியுது. தண்ணியில முழங்கால் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத சுவர். வானம் தெளிவா இருந்தா மட்டும் தூரத்துல நீலமா ஒரு அக்கரை தெரியும். தினமும் அத்தை கடைசியா அங்க வந்துதான் நிப்பாங்க. "அந்தப் பக்கம் என்னம்மா இருக்கும்?"னு கேப்பாங்க. "ஒண்ணும் இருக்காது அத்தை, சும்மா பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க"ன்னு நான் சொல்வேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அந்த அறிவிப்பு வந்துச்சு. ரெண்டாவது பாகம், அடுத்த வருஷம். கூடவே ஒண்ணரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடுற ஒரு முன்னோட்டம். மூடுபனி, அதுக்குள்ள மலை மாதிரி ஒண்ணு மெதுவா மூச்சு விடுது, அதோட முதுகுல மரங்கள். ஒரு பாறை மேல கந்தல் போர்வையோட ஒருத்தி. மணிச்சத்தம். திரை இருட்டிடுது. எங்க வீட்டுல அது ஒரு வாரத்துல நூறு தடவை ஓடியிருக்கும். ஃபோன்ல ரசிகர்களுக்குன்னு ஒரு குழு இருக்கு, அதுல அத்தையும் உண்டு. மீசை முளைச்சதும் முளைக்காததுமா நானூறு பேர், நடுவுல எங்க அத்தை. அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம், முன்னோட்டத்தைப் படம் படமா நிறுத்தி, இலை அசையுறதுக்குக்கூட அர்த்தம் கண்டுபிடிப்பாங்க. புல்லோட நிழலை அளந்து அது என்ன மாசம்னு சண்டை போடுற கூட்டம் அது.

எல்லாரும் அந்த மிருகத்தையே பாத்துக்கிட்டு இருந்தப்போ, அத்தை போர்வையைப் பாத்தாங்க. மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு டிவிகிட்டப் போய் நின்னாங்க. "இது போர்வைத் துணி இல்லைம்மா. ஓரத்துல பாரு, வரிசையா ஓட்டை. கயிறு கோத்த ஓட்டை. கப்பல் பாயைக் கிழிச்சு உடுத்தியிருக்கா." அதையே குழுவுல எழுதினாங்க. கப்பல் பாய் இருக்குன்னா கப்பல் இருக்கு. கப்பல் இருக்குன்னா இந்தத் தடவை கடலைத் தாண்டலாம்! குழு ரெண்டு நாள் தூங்கலை. அத்தை மட்டும் அமைதியா உக்காந்து, "அக்கரைக்குப் போகலாம் போலிருக்கே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு என்னவோ செஞ்சுச்சு. ஆனா காட்டிக்கலை.

வந்துது பாருங்க வினை, அந்த விரல்ல. இடது கட்டை விரலோட அடிமூட்டு கொஞ்ச காலமா வலிதான். இப்ப பாட்டில் மூடியைத் திறக்க முடியலை, கத்திரி பிடிச்சா கண்ணுல தண்ணி வருது, அரைமணி நேரம் நடந்தா, டிவியிலதான், விரல் வீங்கிடுது. கை டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு, மூட்டு தேஞ்சு எலும்போட எலும்பு உரசுதுன்னார். ரெண்டு எலும்பையும் சேத்து ஒட்டிட்டா வலி போயிடுமாம். நுனி மடங்கும், அடிப்பக்கம் மடங்காது. எந்தக் கோணத்துல ஒட்டுறாரோ ஆயுசுக்கும் அதே கோணம்தான்.

"இந்தக் கையால நீங்க முக்கியமா என்ன வேலை செய்வீங்க?"ன்னு டாக்டர் கேட்டார். நான் முந்திக்கிட்டு "கத்திரி பிடிப்பாங்க"ன்னேன். அத்தை மெதுவா, "கன்ட்ரோலரும் பிடிப்பேன்"னாங்க. டாக்டர் சிரிக்கலை, நல்ல மனுஷன். ரெண்டையும் கொண்டுவரச் சொன்னார். பாத்தா, கத்திரிக்கு விரல் எட்டி விரிஞ்சு நிக்கணும், கன்ட்ரோலருக்கு உள்ள சாஞ்சு நிக்கணும். "நடுவுல வெச்சா?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்தான். ரெண்டும் உருப்படியா வராது"ன்னார் டாக்டர். கோணத்துக்கு ஒண்ணா, விரலை அசையாம நிறுத்தி வெக்க சுடுதண்ணியில இளக்கி வளைச்ச பிளாஸ்டிக் கட்டு ரெண்டு செஞ்சு குடுத்து, மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டு முடிவு சொல்லுங்கன்னார்.

பகல்ல ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டுன்னு ஒரு மாசம் போச்சு. கத்திரிக் கட்டோட வெட்டினா நூல் பிசகலை. நடக்கிற கட்டோட நடந்தா, இத்தனை நாள் ஏற முடியாத பனிமலை உச்சிக்கே போயிட்டு வந்துட்டாங்க. முதலாளியம்மா சொல்லிட்டாங்க, கத்திரி பிடிக்க முடியலைன்னாலும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், ஆனா தையல் சரிபாக்கிற மேஜைக்குப் போயிடணும், முதல் வெட்டு வேற ஆளுக்குன்னு. அத்தை ஒருநாள் காலையில எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னாங்க. "நடக்கிற கோணம்தான் வேணும்."

எனக்கு வந்துச்சே கோவம்! "இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்கப் போறீங்களா? முப்பத்தொரு வருஷத்துப் பேரு அத்தை! இன்னும் வெளியவே வராத ஒரு விளையாட்டுக்குப் போய் யாராவது விரலைக் குடுப்பாங்களா? கேட்டா ஊரே வாயால சிரிக்காது"ன்னு பொரிஞ்சு தள்ளினேன். வீட்டுக்காரர் வழக்கம்போல சுவரைப் பாத்தார். அத்தை மூணு நாள் எங்கிட்ட முகம் குடுத்தே பேசலை. உண்மையைச் சொல்றேன், எனக்கு அந்தப் பேருமேல பெருமை. கத்திரி வீட்டு மருமகள்னா கடைத்தெருவுல எனக்கே ஒரு மரியாதை.

ஆபரேஷன் அன்னைக்குக் காலையில அத்தைகூட நான்தான் இருந்தேன். வெறும் வயித்தோட, ஆஸ்பத்திரி உடுப்புல, வளையல் எல்லாம் கழட்டிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி கட்டில்ல உக்காந்திருந்தாங்க. ஜன்னல் வழியா வெளுத்த வெயில் வந்து போர்வைமேல படுத்திருந்துச்சு. அந்த உடுப்போட தையலைத் திருப்பிப் பாத்து, "யாரு வெட்டினதோ, தோள்ல இழுக்குது"ன்னாங்க. அவங்க ஃபோன் எங்கிட்ட இருந்துச்சு. அது விடாம அதிர்ந்துக்கிட்டே இருக்கவும் எடுத்துப் பாத்தேன். குழுவுல நூத்துக்கணக்குல செய்தி, எல்லாம் அழுகை. ரெண்டாவது பாகம் தள்ளிவைக்கப்படுது, புதுத் தேதி எதுவும் இப்போதைக்கு இல்லைன்னு அதைத் தயாரிக்கிறவங்களே அறிவிச்சிருந்தாங்க.

இத்தனை நாள் நான் தேடின ஆயுதம் என் மடியிலேயே வந்து விழுந்திருக்கு. இதைச் சொன்னாப் போதும், கத்திரி ஜெயிச்சிடும். சந்தோஷப்படணும்தானே? எனக்கோ சொல்லாம ஃபோனை அணைச்சுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அவங்க முகம் அப்படி இருந்துச்சு, ஏதோ பயணம் கிளம்பற முகம். ஆனா விரல் அவங்களோடது. விஷயம் தெரியாம ஒட்டிக்கிட்டு வந்து அப்புறமா தெரிஞ்சா, என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? பக்கத்துல உக்காந்து, "அத்தை, ரெண்டாவது தள்ளிப்போச்சு. தேதி சொல்லலை"ன்னேன்.

"நின்னுபோச்சா, தள்ளிப்போச்சா?"

"தள்ளிப்போச்சு. ஆனா எப்போன்னு தெரியாதாம்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினாங்க. வெளியில ஒரு மரம், ஒண்ணும் விசேஷமில்லை. "பாவம், எங்கயோ சரியா வரலை போலிருக்கு. சரியா வர்ற வரைக்கும் கத்திரி வெக்கக் கூடாது. நல்லவங்கதான், நிறுத்தி வெச்சிருக்காங்க"ன்னாங்க. நான் என்ன நெனச்சேன், இவங்க என்ன சொல்றாங்க பாருங்க.

டாக்டர் பேனாவோட வந்தார். விரல்மேல கோடு போடணும். "என்னம்மா, அதே முடிவுதானா? இல்ல மாத்திக்கிறீங்களா?" நான் தாங்க முடியாம, "அத்தை, ஒருவேளை அது வராமலே போயிட்டா?"ன்னு கேட்டேன். கோவத்துல இல்லை, சத்தியமா பயத்துல கேட்டேன்.

"வராமப் போனா போகட்டும்மா. இத்தனை வருஷம் அந்தக் கரையைப் பாத்துக்கிட்டே நின்னேனே, அதுல எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" அத்தை இடது கையை டாக்டர் பக்கம் நீட்டி, கட்டை விரலை உள்ள சாச்சுக் காட்டினாங்க. "முப்பத்தொரு வருஷமா அடுத்தவங்க அளவுக்கே வெட்டியாச்சு டாக்டர். இது ஒண்ணு என் அளவுக்கு இருக்கட்டும்."

டாக்டர் கோடு போட்டார். எனக்குக் கண்ணு நிறைஞ்சு எதுவும் தெரியலை. அத்தை தன்னோட மூக்குக்கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்து, "எங்கயாவது வெச்சுட்டு மறந்துடாத"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தேன். வார்டு நர்ஸம்மா வந்து பக்கத்துல நின்னாங்க. "உள்ள அந்தம்மா, இனிமே வலியில்லாம நடக்கலாம்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. ஆபரேஷன் கையிலதானே?"

எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. மலைப்பாதையைச் சொன்னேன். ராஜாவோட கடிதத்தைச் சொன்னேன். மூடுபனியில மூச்சு விடுற மலையை, கப்பல் பாயை உடுத்திக்கிட்டு நிக்கிறவளை, தெளிவான நாள்ல மட்டும் தெரியுற அந்த நீலக் கரையைச் சொன்னேன். கையை வேற ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கேன் போலிருக்கு, நர்ஸம்மா பெஞ்சுல உக்காந்தே கேட்டாங்க.

"எப்போ வருதாம்?"னு கேட்டாங்க.

"தெரியலைங்க"ன்னேன். "காத்துக்கிட்டு இருக்கோம்."