விலங்கில்லாமல் ஒரு தடவை

என் வீட்டுக்காரரை, ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊர்ச் சந்தை வழியாகத்தான் விலங்கு போட்டு நடத்திக் கொண்டுபோனார்கள். நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாய் இரைகிற சந்தை அது. அன்றைக்கு மூன்றும் நின்றுபோயின. போலீஸ் ஜீப் பின்னால் காலியாகவே ஊர்ந்து வந்தது. ஏன் ஏற்றவில்லை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒயர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருஷம் கழித்து வேறொருவன் பிடிபட்டு ஒப்புக்கொண்டான். மேல்கோர்ட்டு இவரை விடுதலை செய்தது. தகவல் வந்தபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. ஷிப்டை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கிருஷ்ணகிரியில் எங்கள் வக்கீல் நல்ல மனுஷர். அரசாங்கத்திடம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றார்.

"சட்டத்துல இதுக்குன்னு ஒண்ணும் எழுதி வைக்கலம்மா. கேட்டுப் பார்க்கலாம். எவ்வளவு போடட்டும்?"

"காசு வேணாங்க. அதே சந்தையில, கூட்டம் கூடுற நேரத்துல, அதே போலீஸு இவரை விலங்கில்லாம கூட்டிக்கிட்டு நடக்கணும். ஒரு தடவை போதும்."

பேனாவை மூடினார். "அதையெல்லாம் மனுவுல எழுத முடியாதும்மா."

"விலங்கு மாட்டிச் சந்தையில நடத்தணும்னு மட்டும் எழுதியிருந்துச்சுங்களா?"

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர், "போலாம் வா" என்றார். வக்கீலே ஒரு தொகை போட்டு அனுப்பினார். கோர்ட்டு இவரை விட்டுவிட்டது, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது. படித்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

அடுத்த சந்தைக்கு லீவு போட்டேன். போலீஸ் வராவிட்டால் போகட்டும், நானே நடத்திக் கூட்டிப் போகிறேன் என்று எனக்கு வீம்பு. நிமிர்ந்து நடக்கணும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நிமிர்ந்துதான் நடந்தார். தக்காளிக்காரி, "வாங்கண்ணா, எப்ப வந்தீங்க?" என்றாள், வெளியூர் போய் வந்தவரைக் கேட்பதுபோல. சந்தை இரைச்சல் நிற்கவில்லை. அதைக் கேட்கத்தானே வந்தேன்.

காய்ப்பையை அவர் இரண்டு கையாலும் வயிற்றுக்கு முன்னால் பிடித்திருந்தார். கனமோ என்று நான் வாங்கிக்கொண்டேன். பை என்னிடம் வந்துவிட்டது. அவர் கைகள் மட்டும் மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்து அங்கேயே இருந்தன, பஸ் ஏறும் வரைக்கும்.