ஜெயரத்தினத்தின் பத்து மணி

ஜெயரத்தினம் ஒஸ்லோவில் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவர். வேலைக்குப் பிந்திப் போனதே இல்லை. கலியாண வீட்டுக்கும் சொன்ன நேரத்துக்கே போய், மண்டபத்தில் கதிரை அடுக்க மாட்டுப்படுகிறவரும் அவர்தான். மனிதருக்கு நெடுநாளாக ஒரேயொரு ஆசை. கால்வாயில் படகு மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்குவதை நண்பர்களோடு அனுபவிக்க வேண்டும். முன்னும் பின்னும் கதவைச் சாத்தி, நடுவில் நிற்கும் தண்ணீரை வடியவிட, படகு கிணற்று வாளிபோல மெல்லக் கீழே போகும். வேலையிடத்து ஆட்களோடு ஒருமுறை போய் வந்ததிலிருந்து அதே கதைதான்.

கதவு காலை பத்து மணிக்குத் திறக்கும். நம் ஆட்களை அவருக்குத் தெரியாதா? அவர்கள் இருக்கும் குரோருட்டிலிருந்து எட்டுக்குப் புறப்பட்டால் போதும். ஆனால் நண்பர்களிடம் ஏழு என்று சொல்லிவைத்தார். சூசைரட்ணமும் மற்றவர்களும் அவரை முப்பது வருடமாக அறிந்தவர்கள். எப்படியும் ஒரு மணித்தியாலம் முந்தித்தான் சொல்லியிருப்பார் என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் தங்கள் வழக்கமான ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்து, ஒன்பதுக்குச் சிரித்தபடி வந்து சேர்ந்தார்கள்.

வாடகைப் படகு கதவடிக்குப் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. இனி மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்களாம். ஜெயரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்கள் எப்பதான் திருந்தப் போறியள்?"

"கோவிக்காதை மச்சான்," என்றார் சூசைரட்ணம். "நீ ஒரு மணித்தியாலம் பொய் சொன்னனி, நாங்கள் ஒரு மணித்தியாலம் பிந்தினாங்கள். சரிக்குச் சரி."

ஜெயரத்தினத்தின் மனைவி மங்களேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். கணவாய்ப் பிரட்டல் கரைமுழுக்க மணத்தது. கதவுக்குப் பொறுப்பான எலியாஸ் என்ற நோர்வேக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவரைச் சும்மா விடுகிற ஆட்களா? இருத்திக் கையில் தட்டைக் கொடுத்தார்கள். காலையில் நடந்ததைச் சூசைரட்ணம் நோர்வே மொழியில் நடித்துக் காட்ட, எலியாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய தட்டு காலியாக மங்களேஸ்வரி விடவேயில்லை.

பின்னால் காத்து நின்ற படகொன்று ஹோர்ன் அடித்தது. ஜெயரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணி எப்போதோ தாண்டிவிட்டது! எலியாஸ் கறிக் கையோடு எழுந்து ஓடினார். அதுவரை உம்மென்று இருந்த ஜெயரத்தினம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

படகு இறங்கத் தொடங்கியது. ஈரச் சுவர்கள் இருபுறமும் உயர்ந்தன. சூசைரட்ணம் நண்பரின் தோளில் கைபோட்டார்.

"ஓமடா, நீ சொன்னதுதான். காணவேண்டிய சாமான்."

ஜெயரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கீழ்க்கதவு திறந்ததும் அண்ணாந்து பார்த்து, நோர்வே மொழியில் கத்தினார்.

"அடுத்த வருடமும் வருவோம், பத்து மணிக்கு!"

"உங்கள் பத்தா, எங்கள் பத்தா?" மேலிருந்து கேட்டார் எலியாஸ்.

ஜெயரத்தினம் நண்பர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எங்கள் பத்து!"