பெரிய வீட்டுக்காரர் வந்த நேரம்

பெரிய வீட்டுக்காரர் வந்து சேராமல் எங்கள் ஊரில் எந்தக் கலியாணத்திலும் தாலி ஏறாது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த வீட்டிலிருந்துதான் நகரசபைக்குத் தவிசாளர் போனார், கோயிலுக்குத் தர்மகர்த்தா போனார். நான் படித்த பள்ளிக்கூடத்தின் காணியும் அவர்கள் கொடுத்ததுதான். ஒருமுறை அந்த வீட்டு அண்ணனும் தம்பியும் எதிரெதிராகத் தேர்தல் கேட்டார்கள். வாக்குச்சீட்டில் எங்கே புள்ளடி போட்டாலும் வெல்லப்போவது அந்த வீடுதான் என்று தெரிந்தும், ஊர் இரண்டாகப் பிரிந்து தொண்டை கிழியக் கத்தியது. எனக்கு இதெல்லாம் பெரிய விநோதமாக இருந்தது. காரணம் கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று அப்பா ஏசுவார்.

என் கலியாணம் லிங்கநகரில், எங்கள் வீட்டுப் பந்தலில் நடந்தது. என் தம்பிக்குச் சீனன்குடாவில் வேலை கிடைக்க, பெரிய வீட்டு மூத்தவரின் கடிதம் வேண்டியிருந்தது. அவர் "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதனால் அன்று அப்பாவின் கண் முழுக்க வாசல் படலையிலேயே இருந்தது.

நான் கூறைச்சேலையோடு மணவறையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். பெரிய வீட்டு மூத்தவரை இன்னும் காணவில்லை. தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் பொறுமை இழந்தார்.

"கலியாணம் என்ர மகனுக்கோ, பெரிய வீட்டுக்கோ?"

"எவ்வளவு நேரம் கிடக்கு ஐயா?" என்று ஐயரிடம் மெல்லக் கேட்டேன்.

"அஞ்சு நிமிசந்தான் பிள்ளை. பிறகு ராகுகாலம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்பா, இப்ப கட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் எழும்பிப் போறன்."

"உன்ர தம்பியின்ர வேலை போகும், பிள்ளை!" அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐயர் அப்பாவைப் பார்க்காமல் மேளகாரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தாலி ஏறியது.

கால்மணி நேரம் கழித்து மூத்தவர் வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! இண்டைக்குத்தான் ஒழுங்கான நேரத்துக்கு வந்திருக்கிறன். ஆருக்கும் கரைச்சல் குடுக்கக் கூடாது, தாலி கட்டி முடியட்டும் எண்டுதான் நான் எப்பவும் பிந்தி வாறனான். எங்க போனாலும் கட்டாமல் வைச்சிருக்கிறாங்கள். ஏன் பிள்ளை அப்பிடி?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் ஊர் அவருக்காகக் காத்திருந்தது. அவர் ஊருக்காகப் பிந்திக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் என் கேள்வியை அவரே என்னிடம் கேட்கிறார்.

அப்பா அதை நம்பவில்லை. "அது கோவத்தில சொன்ன கதை" என்றார். அடுத்த நாளே வாழைக்குலையோடு போய் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று விளங்காத மூத்தவர், ஏற்கெனவே எழுதி மேசையில் வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாராம்.

தம்பிக்கு வேலை கிடைத்தது. அந்த மன்னிப்பால்தான் கிடைத்தது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.